எத்தனை என்று கேட்டால் நாலு

எங்கள் எம். புதுப்பட்டிக்குக் கணக்கெடுக்க வராத ஆளே கிடையாது. கோழியை எண்ணிப் போயிருக்கிறார்கள், கக்கூஸை எண்ணிப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை எண்ண மட்டும் ஒரு வருசத்தில் ஐம்பது கூட்டம் வந்தது. ஒருமுறை ஒரு லாரி நிறைய வெள்ளைக்காரர்கள் வந்து, தீப்பெட்டி ஒட்டும் பொம்பளைகளோடு உட்கார்ந்து தாங்களும் ஒட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரி முருகம்மாளைக் கேட்டால், "லாரியுமில்ல ஒண்ணுமில்ல, ஒரு காரு, அதுல ஒரு வெள்ளைக்காரம்மா. இவர் சொல்ற கணக்கைப் பத்தால வகுத்துக்கோங்க" என்பாள். வகுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் வளர்ந்த ஆம்பளை ஒருவனைப் பார்த்து, "நீ எப்படி இருக்கே?" என்று நோட்டும் பேனாவுமாக வந்து கேட்ட ஆள் அதுவரை ஒருத்தர் இல்லை. அதனால்தான் இந்த 2007 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அருணாதேவி என்ற பெண் பஸ்ஸை விட்டு இறங்கி, "நான் ஆம்பளைங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். உங்க ஊர் ஆளுங்ககிட்டப் பேசணும்" என்றதும், தண்ணித் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பீடியை அணைத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். வத்திராயிருப்புப் பக்கம், நெல்லும் தென்னையுமாக வசதியான குடும்பம். மதுரையில் ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கையில் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு கேள்வித்தாள், கட்டுக் கட்டாக. வணக்கம் சொல்லிவிட்டு, பஞ்சாயத்து ஆபீசில் நாற்காலி கேட்கப் போனாள். அவள் போய் வருவதற்குள் இங்கே சந்தேகம் கூரை வரைக்கும் வளர்ந்துவிட்டது.

"குடும்பக் கட்டுப்பாடு கேஸ்டா இது" என்றான் சோலைச்சாமி, பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். "பொம்பளைகளை முடிச்சிட்டாக. இப்ப நம்ம பக்கம் திரும்பியிருக்காக." பாதிப்பேர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்கள்.

"போலே, யாரோ பெரிய வீட்டுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை விசாரிக்க வந்திருக்கும்" என்றான் இன்னொருவன். கல்யாணமாகாத ஆறேழு பேர் தலையைக் கோதினார்கள்.

கடைசியில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பார்க்க வேண்டியதுதான். நான் தனுஷ்கோடி. முப்பத்திரண்டு வருசம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், ஓய்வு வாங்கியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மோட்டார் சத்தத்தை வைத்தே ஜீப்பில் வருவது எந்த இன்ஸ்பெக்டர், காலையில் என்ன சாப்பிட்டார் என்பது வரை சொல்லிவிடுவேன்.

"லைசென்ஸ் ஆபீஸ் ஆளு" என்றேன். "பொம்பளையை அனுப்பினா நாம இளகிருவோம்னு அனுப்பியிருக்கான். பழைய பாடம் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மாமா" என்றது கூட்டம்.

பழைய பாடம் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். பட்டாசு ரூம் ஒன்றில் நாலு பேருக்கு மேல் வேலை பார்க்கக்கூடாது என்பது விதி. தீபாவளி சீசனில் ஆர்டர் குவியும்போது ரூமில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது கடவுளுக்கும் போர்மேனுக்கும்தான் வெளிச்சம். இன்ஸ்பெக்டர் ஜீப் வாசலில் திரும்பும்போதே அதிகப்படியான ஆட்கள் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போய்விடுவார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்த பாடம் மூன்றே வரி. எத்தனை என்று கேட்டால், நாலு. யார், ஏன் என்று கேட்டால், தெரியாது. வேறு என்ன கேட்டாலும், முதலாளி ஊரில் இல்லை. இதில் நான் கொடுத்த பயிற்சியில், கல்யாணப் பந்தியில் "எத்தனை இட்லி வைக்க?" என்று கேட்டால்கூட எங்கள் ஆட்கள் நாலு என்றுதான் சொல்வார்கள். ஏழு தின்பார்கள், அது வேறு.

அருணாதேவி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் பத்து அடி தள்ளி, பேப்பரில் விரலால் ஓட்டை போட்டு அது வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆள் சோலைச்சாமி.

"அண்ணே, மனசுல இருக்கிறதைச் சொல்ல உங்களுக்கு எத்தனை பேர் இருக்காங்க?"

"நாலு."

"யார் யாருண்ணே?"

"தெரியாது."

"கடைசியா எப்ப அழுதீங்க?"

சோலைச்சாமி என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதலாளி ஊர்ல இல்ல தாயி" என்றான்.

பேப்பருக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா எலும்பெல்லாம் விட்டுப்போயிற்று. அடுத்து இருளாண்டி. வெடிமருந்து கலக்குகிறவன். கம்பெனியிலேயே ஆபத்தான வேலை அதுதான். ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவனும் அவன்தான்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கண்ணே?"

"நாலு."

தண்ணிக் குடத்தோடு அந்தப் பக்கம் போன அவன் மகள் ஓவியா நின்றுவிட்டாள். "யப்பா, மத்த மூணு பேரு எங்கப்பா?"

"போடி அங்கிட்டு" என்றான் இருளாண்டி. தாளில் நாலு என்று எழுதப்பட்டது.

மூன்று ஞாயிறு வந்தாள் அந்தப் பெண். எண்பத்து மூன்று பேரிடம் பேசினாள். வருசத்தில் எத்தனை தடவை டாக்டரிடம் போவீர்கள், நாலு. தினம் எத்தனை மணி நேரம் பிள்ளைகளோடு இருப்பீர்கள், நாலு. எத்தனை வயதில் வேலைக்குப் போனீர்கள், அதற்கும் ஒருத்தன் நாலு என்றான், மரமண்டை. அவள் முகம் சுளிக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தாள். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. பொய்யென்று தெரிந்தும் எழுதுகிறவர்கள் சர்க்கார் ஆட்கள்தானே?

அதற்குப் பிறகு ஒரு மாதம் காணோம். பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம் நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஐயா, ஊர்ல யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் கை காட்டுறாங்க. எண்பத்தி மூணு பேரும் ஏன் ஒரே பதில் சொன்னாங்க?"

"தெரியாது" என்றேன்.

"எங்க சார் நம்பமாட்டேங்குறாரு. ஹாஸ்டல்ல உக்காந்து நானே எண்பத்தி மூணு தாளையும் எழுதிட்டேன்னு சொல்றாரு. வர்ற ஞாயிறு அவரே நேர்ல வந்து கேட்கப்போறாரு. இதுலயும் ஒண்ணும் தேறலைன்னா என் பதிவை ரத்து பண்ணிருவாங்க. நாலு வருசப் படிப்பு போயிரும்."

நாலு என்றாள் பாருங்கள், எனக்கு அதிலும் சந்தேகம். நம் பாடத்தை நமக்கே படிக்கிறாளோ?

முருகம்மாள் உள்ளேயிருந்து மோர்ச் செம்போடு வந்தாள். "இந்தாம்மா, குடி. உன் படிப்பைக் கெடுத்த ஆளு இவர்தான். இவர் சொல்லிக்குடுத்துத்தான் அம்புட்டுப் பேரும் நாலு நாலுன்னு கூவினானுக. இன்ஸ்பெக்டர்னு நினைச்சிட்டாராம் உன்னைய."

வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வருசம் எப்படி ரகசியம் காத்தேன் என்பதுதான் யாராவது ஆராய வேண்டிய விசயம்.

பிடிபட்டுவிட்டபின் ஒளிந்து என்ன? நேராகவே கேட்டேன். "சரி தாயி, நீ உள்ளதைச் சொல்லு. ஊர்ல கஷ்டப்படுற பொம்பளை இருக்கு, பச்சப்பிள்ளை இருக்கு. ஆம்பளையில ஆராய என்ன இருக்கு? எவன் அனுப்பினான் உன்னைய?"

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"படிப்புக்கு முன்னாடி நான் குழந்தைத் தொழிலாளர் சர்வேயில வேலை பார்த்தேன்யா. தாயில்பட்டியில ஒரு பையன், பதிமூணு வயசு. அவனைப் பத்திப் பதினொரு பக்கம் எழுதினேன். என்ன சாப்பிடுறான், எப்பத் தூங்குறான், பட்டாசு மருந்துல கை எப்படி மஞ்சளாச்சு, எல்லாம். அடுத்த வருசம் போனா அதே வாசல்ல அதே பையன் நிக்கான். கை இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு. ஆனா பதினாலு முடிஞ்சிருச்சு. எங்க மேலதிகாரி, 'அடிச்சிரு, இவன் இனிமே நம்ம கணக்குல இல்ல'ன்னாரு. அடிச்சேன். அவன் என்னையே பார்த்துக்கிட்டு நின்னான். அந்தக் கோட்டுக்கு அப்புறம் அவனுக்கு என்ன ஆகும்னு எழுத யார்கிட்டயும் ஒரு தாள் இல்லைய்யா. பொம்பளைங்களைப் பத்திப் படிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. எம்புட்டுப் படிச்சாலும் பத்தாது. ஆனா ஒரே வீட்டுக்குள்ள பாதி ஆளை விட்டுட்டுப் படிச்சா அந்த வீட்டை எப்படிப் புரிஞ்சுக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கேள்வி போட்டாள். "மருந்து கலக்குற ரூமுக்கு ஏன் ஆம்பளைகளை மட்டும் அனுப்புனீங்க?"

"பின்ன? பொம்பளையை அங்கன எப்படிம்மா அனுப்ப முடியும்? உசிரு போற இடம்."

"அதான் கேக்கேன்" என்றாள்.

முருகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் முற்றத்துக் கோழியைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே தண்ணித் தொட்டிக்குப் போய் ஆட்களைக் கூட்டினேன். "ஏலே, நான் தப்பா நினைச்சிட்டேன். அந்தப் பிள்ளை நெசமாவே படிக்கத்தான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை அவுக வாத்தியார் வர்றாரு. பழைய பாடத்தை விட்ருங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்றேன்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி மாமா" என்று சோலைச்சாமி மெதுவாகச் சொன்னான். சொன்ன தினுசு சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் பாண்டிச்செல்வம் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, தோல் பை. ஊரையே மோசடிக் கேஸ் மாதிரி பார்த்தார். நாற்காலியில் அருணாதேவியை உட்காரவிடாமல் தானே உட்கார்ந்து, தானே பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரு சோலைச்சாமியா? மனசு விட்டுப் பேச எத்தனை பேர் இருக்காங்க?"

"நாலு சார்" என்றான் சோலைச்சாமி, முன்னைவிடச் சத்தமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தவன், நாலு. அதற்கடுத்தவன், நாலு. பத்துப் பேரும் ராணுவத்தில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று நாலு என்றார்கள். ஓரமாக வந்த சோலைச்சாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கோட்டிப் பயலே, உள்ளதைச் சொல்லச் சொன்னேன்ல?"

"எங்களைச் சோதிக்கீகளா மாமா?" என்று கண்ணடித்தான். "இந்த வித்தையெல்லாம் நாங்க பார்த்ததுதான்."

அப்போதுதான் உறைத்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாளெல்லாம் நான் ஆட்களிடம் தனித்தனியாகப் போய், "நாளைக்கு வர்றவர் நல்ல மனுசன், உள்ளதைச் சொல்லு" என்பேன். எவன் முகத்தில் அதை நம்பின சாயல் தெரிந்ததோ அவனுக்கு மறுநாள் வேலையில்லை. வாய் காக்கத் தெரிந்தவனைச் சலித்தெடுக்க நான் கண்டுபிடித்த வழி அது. அந்தச் சல்லடையை முப்பத்திரண்டு வருசம் ஆட்டியவன் இப்போது வந்து, உண்மையைச் சொல்லுங்கள் என்றால் யார் நம்புவான்?

பேராசிரியர் பேனாவை மூடினார். "அருணாதேவி, நீ தாளை நீயே எழுதலைங்கிறதை ஒத்துக்கிறேன். அந்த மட்டுக்கு நல்லது. ஆனா இதுல ஆராய என்னம்மா இருக்கு? எல்லா ஆம்பளையும் ஒரே பதில் சொல்றான். அவங்ககிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, நமக்கு எழுதுறதுக்கும் ஒண்ணுமில்ல. வேற தலைப்பு தேடு, இல்லைன்னா ஊருக்குக் கிளம்பு." பையைத் தூக்கிவிட்டார்.

அந்தப் பெண் அழுதிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவள் அழவில்லை. கேள்வித்தாளை ஒவ்வொன்றாக அடுக்கி, ஓரம் தட்டி, கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தாள். எண்பத்து மூன்று பேரையும் சேர்த்து ஒரே முடிச்சு.

"இருங்க சார்" என்று போய் அவர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "என்னையக் கேளுங்க."

"உங்களுக்கும் நாலுதானே?"

"கேளுங்க சார்."

சலிப்போடு ஒரு பக்கத்தைப் புரட்டினார். "உங்க வாழ்க்கையில நீங்க சொல்ல வெட்கப்பட்ட விசயம் ஏதாவது உண்டா?"

தண்ணித் தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். போர்மேன் மாமா கதை விடப்போகிறார் என்று முருகம்மாள்கூடத் தெருமுனையில் வந்து நின்றாள்.

"தொண்ணூத்தி நாலு மே மாசம்" என்றேன். "எங்க கம்பெனியில ஒரு ரூம்ல மருந்து பத்திக்கிச்சு. ரொம்பப் பெரிசில்ல. உசிர்ச்சேதம் இல்ல. அந்த ரூம்ல அன்னைக்கு ஏழு பேரு."

யாரும் சிரிக்கவில்லை. முருகம்மாள் வகுக்கச் சொல்லவில்லை.

"ரிஜிஸ்டர்ல நாலு பேருதான். மிச்ச மூணு பேர்ல ரெண்டு பேரு பின்வாசல் வழியா ஓடிட்டாக. மூணாமத்தவன் முனியராஜ். இந்தா நிக்கானே இருளாண்டி, அவன் தம்பி. பத்தொம்பது வயசு. நெஞ்சும் ரெண்டு கையும் வெந்துபோச்சு. கணக்குல இல்லாத ஆளு கம்பெனிக்குள்ள எப்படி வேகும்? ஆஸ்பத்திரியில, வீட்டுல ஸ்டவ் வெடிச்சிருச்சுன்னு நான்தான் எழுதச் சொன்னேன். அவனும் சரின்னுட்டான், பார்த்தவனுகளும் வாயைக் காத்துக்கிட்டானுக."

"அது தெரியும்" என்றான் இருளாண்டி. கூட்டத்தில் கடைசியில் நின்றிருந்தான்.

"மிச்சம் உனக்குத் தெரியாதுலே. ஆம்பளைப் பய, ஸ்டவ் பக்கம் எதுக்குப் போனான்னு ஊர்ல கேள்வி வந்துச்சு. கேள்வி கிளம்பினா கம்பெனி வரைக்கும் வந்துரும்ல? அதனால நான் ஒரு கதை கட்டினேன். கேசரி திங்க ஆசைப்பட்டுத் திருட்டுத்தனமா கிண்டப் போனான், அவுகம்மா வர்ற சத்தம் கேட்டுப் பதறி அடுப்புமேல விழுந்தான்னு. முந்திரிப்பருப்பு வறுத்தான்னு சேர்த்ததும் நான்தான். இருந்தாத்தானே கதை நிக்கும்? ஊர் வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சுது. அதுக்கப்புறம் எந்த விசேஷத்துலயும் கேசரி வச்சா அதை அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டானுக. ரெண்டு இடத்துல பொண்ணு கேட்டாக, ரெண்டு இடத்துலயும் சிரிச்சே அனுப்பிட்டாக. அவன் ஒரு நாளும், நான் மருந்து ரூம்லதான் வெந்தேன்னு வாயைத் திறக்கல. திருப்பூருக்குப் போனவன் அம்மா சாவுக்கு மட்டும்தான் வந்தான். பந்தியில உக்காரல."

பேராசிரியர் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். தொட்டியிலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது, எவனும் வால்வை மூடவில்லை.

"இந்தப் பயலுக வெறும் பயலுக இல்ல சார்" என்றேன். "அந்த நாலுங்கிற பதிலை இவனுக வாய்க்குள்ள வச்சது நான். அதைத் தள்ளிட்டுக் கேட்டா ஆளாளுக்கு ஒரு ஏழு கிடக்கும்."

இருளாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். என் கன்னத்தில் ஒன்று வைப்பான் என்று உறுதியாக எதிர்பார்த்தேன். என்னைத் தாண்டிப்போய் அருணாதேவியிடம், "கட்டை அவுத்துருங்க தாயி. புதுத்தாள் ஒண்ணு எடுங்க" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"நீங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க மாமா. நீங்க இங்கன இருந்தா நான் பேசமாட்டேன்."

"நான் ஓரமா—"

"அந்த ஓட்டைப் பேப்பரையும் எடுத்துட்டுப் போங்க."

எந்திரித்து வந்தேன். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அவன் முதுகுதான் தெரிந்தது. ஊரிலேயே பேசாத அந்த ஆள் அன்று மத்தியானம் மூன்று மணி நேரம் பேசினான். முப்பது மணி நேரம் என்றுதான் முதலில் எழுதினேன், முருகம்மாள் அடிக்கச் சொல்லிவிட்டாள். பன்னிரண்டு பக்கமும் தீர்ந்து, பேராசிரியர் தன் பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்துக்கொடுத்தார். திருத்தங்கல் பஸ் வந்தது, நின்றது, அவர் ஏறாமலேயே போயிற்று. இருளாண்டிக்குப் பின்னால் சோலைச்சாமி உட்கார்ந்தான், அவனுக்குப் பின்னால் இன்னும் சில பேர். ஒருவனும் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பற்றி என்னவெல்லாம் சொன்னார்களோ, நினைத்தாலே முதுகு அரிக்கிறது. கொஞ்சம் தூரத்திலிருந்தாவது கேட்கலாமென்று வாசல்படி இறங்கினேன். "ஒட்டுக் கேட்கப் போனீக, சோறு கிடையாது" என்றாள் முருகம்மாள்.

போகிற வழியில் அருணாதேவி வாசலுக்கு வந்தாள். பேராசிரியர், "எத்தனை" என்று ஆரம்பிக்கிற கேள்வி எல்லாவற்றையும் அடித்துவிட்டாராம். தலைப்பு அப்படியே இருக்கட்டும், திங்கட்கிழமை உன் பதிவுக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம்.  அடுத்து யாரிடம் பேசப்போகிறாய் என்று கேட்டேன். இருளாண்டி தன் தம்பியின் செல் நம்பரைக் கொடுத்திருக்கிறானாம், வெள்ளிக்கிழமை திருப்பூர் போகிறாளாம்.

"நானும் வரட்டுமா தாயி? அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

முன்பு நான் அவளைப் பார்த்த அதே சந்தேகப் பார்வையால் அவள் என்னைப் பார்த்தாள். "அவர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்யா" என்றாள்.

இன்று சனிக்கிழமை. நேற்று வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு காலை ஐந்து மணியிலிருந்து வாசலில் நின்றேன். சேதி வரவில்லை. அந்தப் பெண் அவனிடம் கேட்கவேயில்லை என்று நான் சந்தேகப்படுகிறேன். "கேட்டிருக்கும். அவன் வேண்டாம்னிருப்பான்" என்கிறாள் முருகம்மாள். எதற்கும் இருக்கட்டுமென்று சட்டையை மடிக்காமல் கொடியிலேயே போட்டிருக்கிறேன்.